கட்டணமில்லாக் கல்வி: அருகில் அமர ஆள் உண்டா?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டுவிட்டது. கபரஸ்தான் சுற்றுச்சுவரைப் பற்றிய விவாதமும் ஒருவாறு முடிந்துவிட்டது. (உண்மையில் முடிந்ததா என்பதை அடுத்த ஆண்டு அறிந்துகொள்வோம்.) எஞ்சிய பொழுதில் மக்தபின் மாடி அறையைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு நிர்வாகத்தார் நம்மைப் பணித்துள்ளனர். அவ்வறையில் பழைய கணினிகள் இரண்டும் ஓர் இணைய இணைப்பும் வேண்டுமென்று கேட்டவர் நாமே. எதற்காக என்று வினவியோர் பலர். "பள்ளிவாசலில் இண்டர்நெட்டா ஹஜ்ரத்?" என்று நம் முகத்துக்கு நேரே கேட்ட பெரியவரும் இந்தச் சபையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு விடை கூறுமுன் நம்மீதுள்ள ஒரு கடனைத் தீர்த்தாக வேண்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதை அனைவரும் அறிவீர்கள். பள்ளிவாசல்கள் மீண்டும் திறக்கப்பட்டு ஜும்ஆ நடைபெறத் தொடங்கிய பின்னர், நாம் தொடர்ந்து மூன்று வாரங்கள் கைப்பேசியின் தீமைகளைப் பற்றி பயான் செய்தோம். பிள்ளைகளின் கையிலிருந்து அதை வாங்கிவிடுங்கள் என்று சற்றுக் கடுமையாகவே கூறினோம். சில நாட்கள் கழித்து நம் மஹல்லாவைச் சேர்ந்த தந்தை ஒருவர் வழியில் நம்மை நிறுத்தி, "நீங்க சொன்ன அன்னைக்கே பையன்கிட்ட இருந்து போனை வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன் ஹஜ்ரத்" என்றார். பெருமையோடுதான் கூறினார். நாமும் மகிழ்ந்து துஆச் செய்தோம்.

அந்தப் பையன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவனுடைய ஆசிரியர்கள் பாடங்களையும் வீட்டுப்பாடங்களையும் அனுப்பிவந்தது அந்தக் கைப்பேசிக்குத்தான் என்பது நமக்கும் தெரியாது, அவன் தந்தைக்கும் சரிவரத் தெரியாது. 2021 செப்டம்பரில் உயர்வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது அவன் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தான். ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு மாதங்களில் நின்றுவிட்டான். இன்று கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறான். கடை வேலை இழிவானதன்று. உழைத்து உண்பவனை நாம் மதிக்கிறோம். ஆயினும் அது அவன் தேர்ந்துகொண்ட வழியன்று. நாள்தோறும் நமக்கு ஸலாம் சொல்கிறான். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவன் இசைவைப் பெற்றே இதை இங்குக் கூறுகிறோம்.

கைப்பேசியில் தீமை இல்லையென்று கூற நாம் இன்று வரவில்லை. அன்று கூறியவற்றுள் பெரும்பகுதியை இன்றும் கூறுவோம். ஆனால் அதற்குள் வேறொன்றும் இருந்தது. அதை அறியாமலே பேசினோம். அறிந்துகொள்ள வேண்டுமென்று அதன் பின்னர் நாமே உட்கார்ந்து பார்த்தோம். பார்த்தவற்றுள் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

கட்டணமின்றிக் கற்பது நமக்குப் புதிதன்று. நாம் மதரஸாவில் ஓதிய ஏழாண்டுகளில் நம் தந்தையாரிடம் ஒரு காசும் கேட்கப்படவில்லை. உணவும் உறைவிடமும் கிதாபுகளும் முகமறியாத எவரெவரோ கொடுத்த பொருளிலிருந்து வந்தன. கிதாபின் முதல் பக்கத்தில் வக்ஃப் முத்திரை இருக்கும். ஓரங்களில் நமக்கு முன்னே ஓதிய மாணவர் பென்சிலால் எழுதிய குறிப்புகள் இருக்கும். அறிவை வக்ஃப் செய்வது என்றால் என்னவென்பதை நாம் அந்த முத்திரையில்தான் முதலில் கண்டோம்.

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகம், தன் வகுப்பறைப் பாடங்களை உலகிலுள்ள எவரும் இணையத்தில் இலவசமாகப் பெறலாமென அறிவித்தது. இன்று அங்கே 2,500க்கும் மேற்பட்ட பாடங்கள் திறந்து கிடக்கின்றன. நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. 2003ஆம் ஆண்டிலேயே ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. கடுமையான நுழைவுத் தேர்வில் வென்றோர் மட்டுமே கேட்கக்கூடிய விரிவுரைகளை, செஞ்சியில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கலாம். 2017 ஜூலையில் மத்திய அரசு ஸ்வயம் என்னும் தளத்தைத் தொடங்கியது. அதில் பொறியியல் மட்டுமன்றி வணிகவியல், சட்டம், வரலாறு, உளவியல், மொழிகள் எனப் பல துறைகள் உள்ளன. கற்பதற்குக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டித் தேர்வு எழுதுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

கான் அகாடமி என்று ஒன்று உண்டு. அதை நடத்துபவர் பெயர் சல்மான் கான். (நடிகர் அல்லர், வாலிபர்கள் சிரிப்பது கேட்கிறது.) வங்காள தேசத்தை வேராகக் கொண்ட குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்தவர். 2004ஆம் ஆண்டில் அவருடைய உறவுக்காரச் சிறுமி ஒருத்தி கணக்கில் பின்தங்கிவிட்டாள். அவள் வேறு ஊரில் இருந்தமையால் தொலைபேசி வழியாகவும் கணினி வழியாகவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிற உறவுக்காரப் பிள்ளைகளும் கேட்கவே, 2006இல் பாடங்களைப் பதிவு செய்து யூடியூபில் இட்டார். பின்னர் தாம் பார்த்துவந்த நிதித்துறை வேலையையும் விட்டார். இன்று கூட்டல் கழித்தலிலிருந்து கல்லூரிக் கணிதம் வரை அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அது ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்காக ஒருவர் ஒதுக்கிய நேரத்தில் தொடங்கியது என்பதைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

ஆங்கிலம் தெரியாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி எழும். நம்முடைய கேள்வியும் அதுவே. நம் பிள்ளைகளின் அரசுப் பாடநூல்களிலேயே கட்டங்கட்டமாக ஒரு சதுர முத்திரை அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் நெடுநாள் அதை அச்சகத்தாரின் அடையாளம் என்றே எண்ணியிருந்தோம். அது கியூ.ஆர். குறியீடு. தீக்ஷா என்னும் செயலியில் அதைக் காட்டினால் அந்தப் பாடத்திற்குரிய காணொளியும் பயிற்சியும் தமிழிலேயே வரும். பிள்ளையின் பையிலேயே அந்த வாசல் இருக்கிறது; நாமும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் முதல் இயங்கிவருகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்து, ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகளைக் கொண்டுள்ளது. மதுரைத் திட்டம் என்னும் தன்னார்வ முயற்சி 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பட்டது. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்குகிறார்கள். நம் உமறுப் புலவரின் சீறாப்புராணம் அங்கே இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்த கைகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். கணினியில் கணக்கு எழுதவும் கடிதம் அமைக்கவும் கற்க விரும்புவோருக்கு, பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ்க் குரலிலேயே சொல்லித் தருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருக்கும் நம் பெண்மக்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்லுகிறோம்.

ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துக் கூற அனுமதியுங்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் என்னும் இயற்பியல் அறிஞர் 2002இல் தொடங்கிய ஃபெட் என்னும் தளம் ஒன்றுண்டு. அதில் பாடம் படிப்பதில்லை, செய்து பார்க்கலாம். மின்கலம், கம்பி, பல்பு ஆகியவற்றைத் திரையில் இழுத்து இணைத்தால் பல்பு எரியும். சில மாதங்களுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மக்தபில் நம் அருகில் அமர்ந்து அதைச் செய்துகொண்டிருந்தான். அவனை அழைத்துப்போக வந்த அவன் தந்தை வயரிங் வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர் உள்ளே வந்து அமர்ந்துவிட்டார். பையன் கம்பியைத் தவறாக இணைக்கவே திரையில் தீப்பிடித்தது. "இதுவே வீடா இருந்தா ஃபியூஸ் போயிருக்கும்டா" என்றார் அவர். பின்னர் இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் ஏன் வெளிச்சம் மங்குகிறது, பக்கம் பக்கமாக இணைத்தால் ஏன் மங்குவதில்லை என்பதை அவர்தான் மகனுக்கு விளக்கினார். இருபது ஆண்டுகளாகக் கையால் செய்துவந்த ஒன்றுக்கு ஓம் விதி என்று பெயருண்டு என்பதை அன்று மகன் தந்தைக்குச் சொன்னான். இஷா பாங்கு சொல்லும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

நம் ஊரைப் பற்றிய மற்றொன்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் இராணுவ அரண்கள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ள ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. அந்தச் செய்தி வந்த வாரத்தில் மக்தப் பிள்ளைகளிடம், கோட்டைக்குள் நிற்கும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலைக் கட்டியவர் யார், எப்போது என்று கேட்டோம். ராஜகிரியை நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நமக்கும் பெயருக்கு மேல் தெரியாது.

சி.எஸ்.சீனிவாசாச்சாரி என்னும் வரலாற்றுப் பேராசிரியர் செஞ்சியின் வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதை 1943இல் வெளியிட்டது. கடைகளில் தேடினால் எளிதில் அகப்படாத அந்நூல், இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நமக்கு ஆங்கிலம் போதாது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வாசித்துத் தமிழில் சொல்ல, நாம் கேட்டோம். அவனுக்கோ கில்லேதார், ஜாகீர், மன்சப் போன்ற சொற்கள் வரும் இடமெல்லாம் தடை. அவற்றை நாம் சொன்னோம். 1677இல் சிவாஜி கோட்டையைக் கைப்பற்றியதும், அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்ததும், நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயத் தளபதி சுல்பிகார்கான் கோட்டையைப் பிடித்ததும், 1714இல் தேசிங்குராஜன் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு பொருது மாண்டதும் வரிசையாக விளங்கின. அந்தப் பள்ளிவாசல் அதன் பின்னர், 1717-18இல் எழுந்தது. தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்கான் எனக் கதைப்பாடல் கூறுவதையும், வரலாற்று நூல் கூறுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த மாணவன் கற்றுக்கொண்டான். ஆசிரியர் யார், மாணவர் யார் என்று கேட்டால் எங்கள் இருவராலும் சொல்ல இயலாது.

இவ்வளவும் இலவசமாக இருக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் அறிஞர்களாக ஆகியிருக்க வேண்டுமே, ஏன் ஆகவில்லை? நாம் நெடுநாள் சிந்தித்தது இதைத்தான். ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகியவற்றின் இணையப் பாடங்களில் சேர்ந்தோருள் 2017-18ஆம் ஆண்டில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே என்று 2019இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு கூறுகிறது. மற்றவர்கள் வாசல் வரை வந்து திரும்பிவிட்டார்கள். தனியே அமர்ந்து திரையைப் பார்த்துக் கற்பது கடினம். முதல் நாள் ஆர்வம் மூன்றாம் நாள் இராது. அதே திரையில் பாட்டும் விளையாட்டும் ஒரு விரல் தொலைவில் இருக்கும்.

சுனாமியால் தாக்குண்ட காளிக்குப்பம் என்னும் கடலோரச் சிற்றூரில் சுகதா மித்ரா என்னும் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். 10 முதல் 14 வயது வரையிலான தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணினியைக் கொடுத்து, மரபணுவைப் பற்றிய உயர்நிலைப் பாடத்தை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு, ஆசிரியர் எவருமின்றி விட்டுவிட்டார். ஒன்றும் அறியாதிருந்த பிள்ளைகள் இரண்டு மாதங்கள் கழித்து நூற்றுக்கு 30 அளவில் மதிப்பெண் பெற்றார்கள். பின்னர் அப்பாடம் தெரியாத ஓர் இளம்பெண்ணைப் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கச் செய்தார். அவர் பாடம் நடத்தவில்லை. பேரப்பிள்ளையின் பின்னால் நிற்கும் பாட்டியைப் போல வியந்து, அதென்ன, இதென்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவே. மதிப்பெண் 50 அளவுக்கு உயர்ந்தது. 2010இல் இது வெளியாயிற்று. சிறிய சோதனை, மித்ராவின் முடிவுகளை ஐயுறும் கல்வியாளர்களும் உண்டு. ஆயினும் அதைப் படித்த அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பாடம் தெரியாத ஒருவர் அருகில் அமர்ந்தாலே பிள்ளை முன்னேறும் என்றால், நாம் இத்தனை ஆண்டுகள் எதற்காகக் காத்திருந்தோம்?

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. கொரோனாக் காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கியது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் இருந்தும் போதாமல், மாலையில் பிள்ளைகளோடு அமர்வதற்குத் தன்னார்வலர்களைத்தான் தேடினார்கள். நாம் ஓதிய மதரஸாக்களில் தக்ரார் என்றொரு வழக்கம் உண்டு. உஸ்தாது பாடம் நடத்திச் சென்ற பிறகு, மாணவர்கள் நான்கைந்து பேராக வட்டமிட்டு அமர்ந்து, ஒருவர் அப்பாடத்தைத் திரும்பச் சொல்ல மற்றவர்கள் கேட்டுத் திருத்துவார்கள். உஸ்தாதிடம் விளங்காதது தக்ராரில் விளங்கும். இணையத்தில் உஸ்தாதுகள் நிறைய இருக்கிறார்கள். தக்ராருக்குத்தான் ஆளில்லை.

ஆகவே நாம் கணினியை விட ஆட்களையே கேட்கிறோம். ஓய்வு பெற்றவர்கள், கடையை மகனிடம் ஒப்படைத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருப்பவர்கள், வாரம் ஒரு மாலை. கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை பார்த்து முடித்ததும், இப்போது எனக்குச் சொல் என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

பெரியவரின் கேள்விக்கு வருகிறோம். பீரோவில் வைத்துப் பூட்டுவது ஒரு முறை; நால்வர் பார்க்கும் இடத்தில் வைப்பது மற்றொரு முறை. மாடி அறையில் கணினிகளின் முகம் வாசலை நோக்கியே இருக்கும். இணையத்தில் பொய்யும் உண்டென்பதை மறுக்கவில்லை. தேசிங்கைப் பற்றி மட்டும் எத்தனை கட்டுக்கதைகள்! ஒரு செய்தியை யார் சொன்னார், அவர் யாரிடமிருந்து பெற்றார் என்று ஸனதைக் கேட்பது நம் கல்வியின் முதற்படி. எழுதியவர் பெயர் என்ன, எந்த நிறுவனம், எந்த ஆண்டு, இம்மூன்றையும் பிள்ளை ஏட்டில் எழுதிய பிறகே பாடம் தொடங்கும். இலவசம் என்று தொடங்கி வங்கி அட்டை எண்ணைக் கேட்கும் எதையும் திறக்கக் கூடாது. இலவசச் சோதனை என்ற பேச்சில் மயங்கிக் கையெழுத்திட்டு, மாதத் தவணையில் மாட்டிக்கொண்ட பெற்றோரை நாமே அறிவோம்.

திங்கள் முதல் வியாழன் வரை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஆண் பிள்ளைகள். சனி, ஞாயிறு காலை பத்து மணி முதல் லுஹர் வரை பெண் பிள்ளைகள். அவர்களோடு அமரத் தாய்மார்கள் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் இருவர் வேண்டும். தெருவிலுள்ள பிற சமயத்துப் பிள்ளைகள் வரலாமா என்று ஒருவர் கேட்டார். வரலாம். பாடநூலைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். காதில் மாட்டும் ஹெட்போன் இரண்டே இருப்பதால், வீட்டில் இருப்போர் கொண்டுவந்தால் நலம். சாவி மோதினாரிடம் இருக்கும்.

இரும்புச் சாமான் கடைப் பையனைச் சென்ற வாரம் பார்த்துப் பேசினோம். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம் என்பதை அவன் அறிந்தே இருந்தான். கடை சாத்துவது இரவு ஒன்பது மணிக்கு, எப்படி வருவது என்று கேட்டான். ஒன்பதே கால் முதல் பத்தரை வரை அறை திறந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறோம். அந்த நேரத்தில் அவனோடு நாம் அமர்வோம். முதலில் கணக்கு. நமக்கு அது தெரியாது என்பதையும் அவனிடம் சொல்லிவிட்டோம்.